கழுவிய கூழாங்கற்கள்

மார்ச் 4

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வெட்கத்தை விட்டு ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று மருமகளின் மீன்தொட்டியில் தண்ணீர் மாற்றலாம் என்று ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினேன். வரவில்லையே என்று இன்னும் பலமாக இழுத்தேன். வந்தது. ஒரு மடக்கு நேராக வயிற்றுக்குள் போய்விட்டது. நேற்றிலிருந்து ஏப்பம் விட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போகிறார்கள். நீங்கள் மருந்துக்கடை வைத்திருப்பவர், இதற்கு ஏதாவது மாத்திரை உண்டா?

போனில் என் பெயரைப் பார்த்ததுமே கட் பண்ணிவிடுகிறீர்கள். கடிதத்தைக் கட் பண்ண முடியாது பாருங்கள், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நாலாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற கை பேனாவையும் பிரஷ் மாதிரிதான் இழுக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருமகள் கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தொட்டி என் தலையில் விழுந்துவிட்டது. என் பையன் அதன் பக்கமே போவதில்லை. ஹாலைக் கடக்கும்போது வாத்தியாரைக் கண்ட பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். தண்ணீர் அரிசி கழுவின மாதிரி கலங்கலாக இருக்கிறது. மிச்சமிருக்கும் மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறக்கின்றன. என்னைப் பற்றித்தான் ஏதோ பேசிக்கொள்கின்றன.

கூழாங்கல்லுக்கு அடியில் ஒரு ஃபில்டர் படுத்திருக்கிறதே, மருமகளே பிளாஸ்டிக் தட்டில் கம்பியைக் காய்ச்சித் துளை போட்டு, இரண்டு மூலையிலும் குழாய் நட்டுச் செய்தது, அதை வெளியே எடுத்துக் கழுவிவிடட்டுமா? தயவுசெய்து அவளிடம் கேட்டு எழுதுங்கள்.

அப்படியே இன்னொன்றும் கேளுங்கள். பையனைக் கேட்டால் "சும்மா சண்டைப்பா" என்கிறான். சுவர்க்கலர் விஷயத்தில் என்னோடு தினமும் மல்லுக்கு நின்ற பெண், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டியைத் தூக்கினாள் என்றால் அது சும்மா சண்டையா?

ஏப்பத்தோடு,
உங்கள் சம்பந்தி


மார்ச் 9

ஐயா,

கடிதம் கிடைத்தது. கொதித்து ஆறிய தண்ணீர் நிறையக் குடிக்கவும். காய்ச்சல் வந்தால் டாக்டரைப் பார்க்கவும். மாத்திரையைத் தபாலில் அனுப்பும் பழக்கம் எனக்கு இல்லை.

தொட்டியைப் பற்றி நான் மகளிடம் கேட்கவில்லை. கடிதத்தை மேசைமேல் வைத்திருந்தேன், அவளாக எடுத்துப் படித்துவிட்டாள். குழாயை உறிஞ்சிய இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இங்கே வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அதற்காகவே இந்தப் பதில். உங்களுக்காக அல்ல.

"கல்லைத் தொடாதீங்கன்னு மாமாகிட்ட சொல்லுங்கப்பா. கழுவினதாலதான் எல்லாமே போச்சு" என்றாள்.

பிறகு விளக்கினாள். மீன் கழிவைத் தின்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அந்தக் கல்லில்தான் குடியிருக்குமாம். தொட்டித் தண்ணீர் கல்லின் இடுக்கு வழியாக அடியில் இறங்கி, குழாய்க்குள் காற்றுக்குமிழியோடு மேலே ஏறி வரும். அப்படிச் சுற்றும்போது சுத்தமாகும். இவள் ஆபீஸ் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தபோது, தொட்டி பளபளவென்று இருந்தால் மகிழ்வாள் என்று உங்கள் மகன் கல்லை எல்லாம் வாரி ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்திருக்கிறார். கிருமி செத்தது, பின்னாலேயே மீன்களும் செத்தன. உங்கள் மகன் அதே நிறத்தில் வேறு மீன்களை வாங்கி விட்டுவிட்டு வாயைத் திறக்கவில்லை. அவையும் ஒவ்வொன்றாகச் சாக, ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். இவளும் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தீனி போட்டிருக்கிறாள். ஒரு நாள் கிழிந்த வால் உள்ள மீனுக்கு முழு வால் இருக்கவும்தான் சந்தேகம் வந்தது. கேட்டதற்கு, "புதுத் தீனி போடறேன்ல, அதான் வளந்துருச்சு" என்றாராம்.

"மீன் செத்ததுக்காக நான் வரலப்பா. இன்னும் எதை எதையெல்லாம் மாத்தி வச்சுட்டு ஒண்ணும் நடக்காத மாதிரி இருப்பாரோன்னு நெனச்சா அந்த வீட்ல சோறு இறங்கல" என்றாள்.

அவளுக்குத் தொலைவில் ஓர் ஊருக்கு மாற்றல் வந்திருக்கிறது. இம்மாதம் முப்பதாம் தேதி, திங்கட்கிழமை, பதில் சொல்லவேண்டும். போ என்றுதான் நான் சொல்லியிருக்கிறேன்.

தொட்டிக்கு: கால்வாசித் தண்ணீர் மட்டும் மாற்றவும். புதுத் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்திருந்து ஊற்றவும். தீனியைக் குறைக்கவும். இரண்டு குழாயிலும் குமிழி வருகிறதா என்று பார்க்கவும்.

இவண்,
பெண்ணின் தகப்பன்


மார்ச் 13

அன்புள்ள சம்பந்தி,

சிரித்தாளா! அப்படியென்றால் இன்னொரு மடக்குக் குடிக்கவும் நான் தயார்.

சொன்னபடியே செய்தேன். ஒரு குழாயில் குமிழி வரவில்லை. உள்ளே தொங்குகிற, காற்றைக் குமிழியாக்கும் காற்றுக்கல் அடைத்துப் போயிருந்தது. புதிது மாட்டினேன். குபுகுபுவென்று கிளம்பியது பாருங்கள், நான் அடித்த சுவரைக்கூட இவ்வளவு நேரம் நின்று ரசித்ததில்லை.

அந்த நேரம் பார்த்துப் பையன் வேலை முடிந்து வந்தான். முழங்கை வரை தொட்டிக்குள் இருந்தேன்.

"என்னப்பா பண்றீங்க?"

"உன் பொண்டாட்டி சொன்னதைப் பண்றேன். ஆமா, வாலு முளைக்கிற தீனி எந்தக் கடையிலடா கிடைக்குது? எனக்கும் ஒரு டப்பா வாங்கிட்டு வா. மண்டையில தடவிப் பாக்கறேன்."

சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அவ ஊர்லேந்து வந்த அன்னிக்கே சொல்லணும்னுதான்பா இருந்தேன். தொட்டியைப் பாத்ததும் அவ மூஞ்சி எப்படி ஆச்சு தெரியுமா? எனக்காகவா பண்ணீங்கன்னு கேட்டா. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..." மீன்கடைக்காரர் இவன் தலை தெருமுனையில் தெரிந்ததுமே வலையைக் கையில் எடுத்துவிடுவாராம்.

என் பிள்ளை என்பதற்காகப் பரிந்து பேச மாட்டேன். கெட்டவன் இல்லை, பயந்தாங்கொள்ளி. ஈரச் சுவரைப் பெயிண்ட் அடித்து மறைத்தால் உப்பிக்கொண்டு உரியும் என்று பெயிண்டர் பெற்ற பிள்ளைக்குத் தெரியவில்லையே என்றுதான் வயிறு எரிகிறது. மாற்றலுக்கு அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லுங்கள். இவனை நான் வழிக்குக் கொண்டுவருவேன். என்னால் முடியும்.

நேற்று இன்னும் இரண்டு மீன்கள் போய்விட்டன. மிச்சம் ஒன்றே ஒன்று. அதற்கும் ஒரு கண் மங்கல். வழித்துத் துடைத்த கல்லில் மறுபடி கிருமியைக் குடிவைக்க வழி உண்டா?

உங்கள் சம்பந்தி


மார்ச் 18

ஐயா,

வழி உண்டாம்.

இங்கே வந்ததும் அவள் சும்மா இருக்கவில்லை. கடையில் கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தொட்டி கட்டி, அடியில் அதே மாதிரித் துளைத்தட்டு வைத்திருக்கிறாள். அந்தக் கல்லில் கொஞ்சம் கொண்டுபோய் அங்கே கலந்தால், இதிலிருக்கும் கிருமி அதில் பரவுமாம். கிளறினால் பழுப்பு நிறத்தில் அழுக்கு எழும்புகிறது. "அழுக்கு இல்லப்பா, அதுதான் மருந்து" என்கிறாள். மருந்துக்கடைக்காரனிடமே!

காய்ந்தால் கிருமி செத்துவிடும். தொட்டித் தண்ணீரில் நனைந்தபடியே அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். பார்சலில் போகாது. ஆள்தான் வரவேண்டும்.

உங்கள் மகன் வரலாம் என்று அவள் சொல்லவில்லை. வரக்கூடாது என்றும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: வந்து மழுப்பினால் கல் கிடையாது. மாற்றலுக்குச் சம்மதம் என்று அன்றைக்கே நானே எழுதவைப்பேன்.

இவண்,
பெண்ணின் தகப்பன்


மார்ச் 24

அன்புள்ள சம்பந்தி,

சனிக்கிழமை அனுப்புகிறேன். மழுப்பினால் கல்லைக் கொடுக்காதீர்கள், எடுத்து அவன்மேல் எறியுங்கள்.

நேற்று, "பெரிய தொட்டியா ஒண்ணு வாங்கிட்டுப் போகட்டுமாப்பா?" என்று கேட்டான். "வாங்கி வாங்கித்தானேடா இந்த நிலைமைக்கு வந்திருக்க! கையை வீசிட்டுப் போ" என்றேன். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்க்கிறான். "முதல்ல மன்னிப்பு கேக்கட்டுமா, இல்ல நடந்ததைச் சொல்லட்டுமா?" என்று கல்யாணச் சேலை எடுக்கிற மாதிரி யோசனை. "வாயைத் தொற. எது முதல்ல வருதோ அதைச் சொல்லு" என்றேன்.

திக்குவான். தயவுசெய்து நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டாம். அவனே திக்கி முடிக்கட்டும்.

உங்கள் சம்பந்தி


மார்ச் 28

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இதை மகளிடமே கொடுத்தனுப்புகிறேன். ஆம், அவளும் வருகிறாள். இரண்டே நாளைக்கு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வந்தபோது ஒருவருக்கு இருமல் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். வா என்று நான் சொல்லவில்லை. நின்றார். மகள் உள்ளேயிருந்து வந்ததும், மருந்து வாங்க வந்தவர் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாம் செத்துப்போச்சு. நான்தான் ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினேன். நீ வர்றதுக்குள்ள வேற வாங்கி விட்டேன். அதுவும் செத்துச்சு. திரும்ப வாங்கினேன்."

வந்தவர் இருமுவதை மறந்துவிட்டார்.

"எத்தனை தடவை?" என்றாள்.

"தெரியல. குத்துமதிப்பா ஒண்ணு சொன்னா அதுவும் பொய்யாயிரும்."

"கிழிஞ்ச வாலு எங்க?"

"பின்பக்கம் செடிக்குக் கீழ புதைச்சேன்."

"என்கிட்ட சொன்னா என்ன ஆயிருக்கும்?"

கொஞ்ச நேரம் திக்கினார். நான் எடுத்துக்கொடுக்கவில்லை. "இனிமே என்னை நம்பி நீ எதையும் விட்டுட்டுப் போக மாட்டேன்னு பயம்" என்றார்.

அவள் உள்ளே போய் என் டிபன் கேரியரை எடுத்துவந்து, கல்லை அள்ளி, தண்ணீர் ஊற்றி மூடினாள். "பஸ்ல மடியில வச்சுக்கணும். சாயக்கூடாது" என்று நீட்டினாள். வாங்கும்போதே ஒருபக்கம் சாய்த்துப் பிடித்தார், மூடி கடகடவென்று ஆடியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவரு கொண்டுபோய்ச் சேக்க மாட்டாருப்பா" என்று சொல்லிவிட்டுத் துணிப்பையை எடுத்தாள்.

மாற்றலைப் பற்றி நான் பேசவில்லை. அவள் இன்னும் முடிவுக்கு வரவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஞாயிறு மாலை திருப்பி அனுப்பிவையுங்கள். கடைத் தொட்டி மீன்களுக்கு எவ்வளவு தீனி போடவேண்டும் என்று கேட்க மறந்துவிட்டேன். மேலே வந்து என்னையே பார்க்கின்றன.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


மார்ச் 30

அன்புள்ள சம்பந்தி,

ஒரு சிட்டிகை போதும். எவ்வளவு கெஞ்சினாலும் அதற்குமேல் போடாதீர்கள், நடிப்பு.

கேரியர் ஒரு சொட்டு சிந்தாமல் வந்தது. இரண்டு பேரும் மாறி மாறி மடியில் வைத்துக்கொண்டார்களாம். சனிக்கிழமையே தொட்டியின் பாதிக் கல்லை ஒதுக்கி, உங்கள் கடைக் கல்லைக் கலந்து பரப்பினார்கள். மீதிப் பாதியையும் இப்போதே கலந்துவிடலாமே என்று நான் மூக்கை நுழைத்தேன். "வேணாம் மாமா. பாதி பாதியாத்தான். ஒரேயடியா கலைச்சா தாங்காது" என்றாள். மற்றபடி இருவரும் அதிகம் பேசவில்லை. "அந்தக் குழாயைப் பிடிங்க", "இதையா?", "அதில்ல, அது." அவ்வளவுதான்.

ஞாயிறு மதியம் கரண்ட் போனது. புழுக்கம் தாங்காமல் மூவரும் மொட்டைமாடிக்குப் போனோம். குடிக்கத் தண்ணீர் எடுக்கப் பையன் மட்டும் கீழே இறங்கினான். கல்லைப் பரப்பும்போது காற்று ஊதும் பம்ப்பை அவன் தொட்டி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டிருக்கிறான். தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான் வைக்க வேண்டுமாம். இல்லையென்றால் கரண்ட் நின்றதும் தொட்டித் தண்ணீர் காற்றுக்குழாய் வழியாகத் திரும்பி வந்து கீழே கொட்டிவிடும். கொட்டிவிட்டது.

சம்பந்தி, ஹாலில் அவன் ஒருத்தன்தான். துடைக்கிற துணி மூலையிலேயே கிடந்தது. வாளியில் தண்ணீர் பிடித்துவைத்திருந்தது. நாங்கள் இறங்கி வருவதற்குள் துடைத்து, நிரப்பி, பம்ப்பை மேலே வைத்து, ஒன்றும் தெரியாத மாதிரி சொம்போடு வந்திருக்கலாம்.

படியில் நின்று தெருவே அதிர ஒரு கத்து கத்தினான்: "தண்ணியெல்லாம் கீழ வந்துருச்சு! பம்ப்பை நான்தான் கீழ வச்சேன்! சீக்கிரம் வா!"

நான் எழுந்து ஓடப் பார்த்தேன். மருமகள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"மாமா, கேட்டீங்களா?"

"எதிர்வீட்டுக்காரன் கேட்டு எட்டிப் பாக்குறாம்மா."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, படியில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கினாள்.

நேற்று மாலை அவள் பஸ்ஸுக்குக் கிளம்பவே இல்லை. இன்று காலை ஆபீசுக்குப் போன் செய்து, மாற்றல் வேண்டாம், இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். இரண்டு தடவை சொன்னாள். உங்களுக்குப் போன் செய்கிறாளாம், எடுங்கள்.

காற்றுக்குழாயின் முனை வரைக்கும்தான் தண்ணீர் இறங்கியது. மிச்சமிருந்த தண்ணீரில் மங்கல் கண்ணன் கல்மேல் வயிறு உரச நீந்திக்கொண்டிருந்தான். நலம்.

கீழ்த்தட்டுக்கு அடியில் என் பெயிண்ட் வாளி இருந்தது. இளம்பச்சை, தண்ணீரில் கரைகிற வகை. நான்தான் மூடவில்லை. தொட்டித் தண்ணீர் அதில் விழுந்து, நிரம்பி, வழிந்து, பக்கத்தில் இருந்த மருமகளின் துணிப்பை வரைக்கும் போனது. உங்கள் டிபன் கேரியரும் அங்கேதான் இருந்தது. பை, உள்ளே இருந்த துணி, கேரியரின் இரண்டு அடுக்கு எல்லாம் இப்போது இளம்பச்சை. வெயிலில் வைத்துப் பார்த்தேன். ஒரே பூச்சில் நன்றாகப் பிடித்திருக்கிறது.

உங்கள் சம்பந்தி