ஒற்றைக்கால் சாம்பிள்

ஆம்பூர்
18 ஜனவரி 2026

அன்புள்ள உங்களுக்கு,

பார்சல் நேற்று வந்து சேர்ந்தது. உங்கள் ஃபேக்டரி அதாவுல்லா விடுமுறைக்கு வந்தவர், வீடு தேடி வந்து கொடுத்தார். டீ போட்டேன். உங்களைப் பற்றி நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "அண்ணன் நல்லா இருக்காரு பாபி. கை காலெல்லாம் நல்லா இருக்காரு" என்றார். சூடு ஆறுவதற்குள் குடித்துவிட்டு, மாதனூரில் வேலை இருக்கிறதென்று கிளம்பிவிட்டார். கை காலைப் பற்றி யார் கேட்டார்கள்?

பொங்கலுக்கு நீங்கள் வருவதாக இருந்தது. உங்களுக்குப் பதிலாக இந்த கேம் மெஷின் வந்திருக்கிறது. வேலையை ஆகஸ்ட் வரை நீட்டித்துவிட்டதாகப் போனில் ஒரே வரியில் சொன்னீர்கள். வீடியோவில் வரச் சொன்னால் வியட்நாமில் நெட் இல்லை என்கிறீர்கள். பேசினால் சண்டை வருகிறது, எழுதிக்கொள்வோம், ஊருக்குப் போகிற வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பலாம் என்றீர்கள். சரி, எழுதுகிறேன். கிளம்பும்போது பஸ் நிறுத்தத்தில் நான் கேட்டது ஒன்றுதான்: போனபடியே வந்து சேருங்கள் என்று. அது நினைவிருந்தால் போதும்.

மெஷின் எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். கல்யாணமான புதிதில் பழைய டி.வி.யில் ஒயர் செருகி விளையாடிய காலத்திலிருந்தே எது வாங்கினாலும் தீர்ப்பு என்னுடையதுதானே. திரை அருமை. மத்தியான வெயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் படம் பளிச்சென்று இருக்கிறது. கனம் ஜாஸ்தி, கொஞ்ச நேரம் பிடித்தாலே மணிக்கட்டு வலிக்கிறது. பின்னால் நிறுத்தி வைக்கும் கால் ஆடாமல் நிற்கிறது, பழையதில் அது பெரிய தொல்லை. பாட்டரி விளம்பரத்தில் சொன்னதில் பாதிகூட வரவில்லை. டி.வி.யோடு இணைக்கும் பீடத்தில் விசிறி இரைகிறது.

நாள் முழுக்க ஷூவில் குறை தேடிச் சம்பளம் வாங்குகிறவளிடம் அனுப்பியிருக்கிறீர்கள், அதனால் மீதியையும் கேளுங்கள். பெட்டியை ஏற்கெனவே யாரோ பிரித்திருக்கிறார்கள். திரையின் ஓரத்தில் விரல் ரேகை இருந்தது. கூட வந்த பை தோல் இல்லை, பி.யூ., தொட்டதும் தெரிந்துவிட்டது. இதுவரை நீங்கள் வாங்கித் தந்த ஒவ்வொரு மெஷினுக்கும் மீந்த ஆட்டுத்தோலில் நீங்களே பை தைத்துத் தருவீர்கள். இந்த முறை மட்டும் என்ன கடைப் பை?

எல்லாவற்றையும் விட இது. திரைக்கு இரண்டு பக்கமும் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடிகள் இரண்டு இருக்க வேண்டும். இடது மட்டும் வந்திருக்கிறது. வலது எங்கே? யார் கையில் இருக்கிறது?

தீபு

•

வியட்நாம்
3 பிப்ரவரி 2026

மரியாதைக்குரிய தீபலட்சுமி அவர்களுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அங்கே நீங்களும் சுகமாக இருக்க எந்நேரமும் துவா செய்கிறேன். லீவு முடிந்து வந்த காசியிடம் நீங்கள் கொடுத்த கடிதம் கிடைத்தது. மெஷின் உங்களுக்குப் பிடித்ததில் ரொம்ப குஷி.

வலது பக்கம் பற்றி விசாரித்து இருந்தீர்கள். நம்ம தொழிலில் சாம்பிள் அனுப்பினால் ஒத்தைக் கால் ஷூ அனுப்புவதுதான் பளக்கம் என்று உங்களுக்குத் தெரியும். ஜோடியாகப் போனால் வழியில் எவனாவது மாட்டிக்கொண்டு போய்விடுவான். அதே மாதிரி இடதை முதலில் அனுப்பினேன். வலது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பெட்டியைப் பிரித்தது ஏர்போர்ட்டில் பேஜார் வேண்டாம் என்று. குர்ஷித் அவங்கதான் இந்த யோசனை சொன்னாங்க. இங்கே எனக்கு எல்லா உதவியும் அவங்கதான். சாப்பாடும் அவங்க கையால்தான்.

வேலை ஜாஸ்தி. பை தைக்க நேரம் கிடைக்கவில்லை. நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பார்த்திபன்

•

ஆம்பூர்
15 பிப்ரவரி 2026

அன்புள்ள உங்களுக்கு,

யார் எழுதிய கடிதம் அது?

எழுத்து உங்களுடையது இல்லை. பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பரிசு வாங்கியவர் பழக்கத்தைப் 'பளக்கம்' என்று எழுத மாட்டார். துவா செய்வதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது, எப்போதிலிருந்து? அதைக்கூட விடுகிறேன். இத்தனை வருஷமாக நான் உங்களை நீங்கள் என்பேன், நீங்கள் என்னை நீ என்பீர்கள். இப்போது நான் கொடுத்த மரியாதையையெல்லாம் மூட்டை கட்டித் திருப்பி அனுப்பியதுபோல் வரிக்கு வரி 'நீங்கள்'. மேலே 'மரியாதைக்குரிய'. வங்கியிலிருந்து வருகிற கடிதத்தில்கூட 'அன்புள்ள' என்று போடுகிறார்கள். தீபு எங்கே போனாள்?

குர்ஷித் அவங்க. ஆணா பெண்ணா என்று தெரியாமல் மறைப்பதற்கு 'அவங்க' போல ஒரு வார்த்தை வேறு பாஷையில் உண்டா என்று தெரியவில்லை. ஃபேக்டரியில் என் பக்கத்து மேஜை சுகரா பேகத்திடம், குர்ஷித் என்பது ஆண் பெயரா பெண் பெயரா என்று பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். அவள் கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "எங்க பெரியம்மா பொண்ணு பேரும் குர்ஷித், எங்க மாமா பேரும் குர்ஷித். ரெண்டும் உண்டுடி. அதுலதான இருக்குது பேஜாரு. இன்னா விஷயம்?" ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை.

சாம்பிள் கதையை நான் ஒத்துக்கொள்ளவில்லை. சாம்பிளாக ஒற்றைக் கால் போனால் மற்றக் கால் எந்த அலமாரியில் இருக்கிறதென்று சீட்டு ஒட்டியிருக்கும். உங்கள் வலதுக்குச் சீட்டு எங்கே?

சென்னையிலிருந்து ஒரு டூப்ளிகேட் வலது வாங்கிவரச் சொன்னேன். ஒட்டிக்கொள்கிறது, ஆனால் குச்சியைத் தொடாமலே காட்சி ஒரு பக்கமாகத் திரும்பிவிடுகிறது. பட்டன் அமுங்கினால் எழுந்து வர யோசிக்கிறது. இருந்தாலும் அதை வைத்து நீங்கள் போட்டு அனுப்பிய கேம்களைப் பார்த்துவிட்டேன். விவசாய கேம் பொய். அணைக்கட்டு ஊரில் நிலம் வைத்திருக்கிற என் அண்ணன் பார்த்தால் சிரிப்பார், விதைத்த மறுநாள் அறுவடையாம். வாள் சண்டை கேம் கண்ணுக்கு அழகு, கதை கிடையாது. கார் பந்தயம்தான் முதல் தரம். மலைப்பாதையில் மழை பெய்யும்போது தார் பளபளப்பது அப்படியே ஏலகிரி.

அந்தப் பந்தயத்தில்தான் ஒன்றைப் பார்த்தேன். முன்பு யாராவது ஓட்டியிருந்தால் அவர்கள் ஓட்டியதை மெஷின் நினைவில் வைத்திருந்து, வெளிறிய நிழல் வண்டியாக நம் கூடவே ஓடவிடும். நான் முதல் முறை போட்டபோதே பக்கத்தில் ஒரு நிழல் வண்டி கிளம்பியது. புது மெஷினில் யாருடைய நிழல்?

உங்களுடையது இல்லை. நீங்கள் வளைவில் கடைசி நொடியில் பிரேக் போட்டு உள்பக்கம் நுழைகிறவர். இது பிரேக்கே போடுவதில்லை. சின்னப் பிள்ளைகளுக்காக வைத்திருக்கும், வண்டி தானாகவே ஓடுகிற முறையில் ஓட்டியிருக்கிறார்கள். சுவரில் இடித்து இடித்துப் போகிறது. முதல் மேட்டிலேயே அதை விட்டுவிட்டு நான் போய்விடுகிறேன். சுரங்கத்துக்குள் தனியாகத்தான் நுழைகிறேன். சுரங்கம் வந்தால் ஹாரன் அடிக்க நீங்களும் இல்லை. ரயில்வே சுரங்கப் பாதையில் பைக்கில் போகும்போது குட்டையாக இரண்டு, நீட்டி ஒன்று என்று அடிப்பதையே கேமிலும் அடிப்பீர்கள், "பந்தயத்துல எதிர இன்னா ஆடா வரப்போவுது" என்று நான் கேட்பேன்.

நேராகக் கேட்கிறேன். நீங்கள் இருக்கிற வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா?

தீபலட்சுமி

•

வியட்நாம்
4 மார்ச் 2026

மரியாதைக்குரிய தீபலட்சுமி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் படித்து மனசு ரொம்ப கஷ்டமாகிவிட்டது. மேலே இருக்கிறவன் சாட்சியாக இங்கே சின்னப் பிள்ளை யாரும் கிடையாது. நீங்கள் நினைக்கிற மாதிரி எதுவும் இல்லை.

அந்த நிழல் வண்டியை அளித்துவிடவும். மெஷின் வேலை செய்கிறதா என்று சும்மா ஓட்டிப் பார்த்தது. அதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டாம்.

ஆகஸ்டிலும் வர முடியுமா தெரியவில்லை. எனக்காகக் காத்திருக்க வேண்டும் என்று உங்களுக்கு நிர்ப்பந்தம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
பார்த்திபன்

•

ஆம்பூர்
15 மார்ச் 2026

காத்திருக்க நிர்ப்பந்தம் இல்லை என்று எழுதிவிட்டீர்கள். அதில் மட்டும் எழுத்துப் பிழை இல்லை.

அழித்துவிடு என்று எழுதியதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். சும்மா ஓட்டியதை யார் அழிக்கச் சொல்வார்கள்? சுகராவிடம் கடைசியில் சொல்லிவிட்டேன். அவள் என்னைக் கேலி செய்யவில்லை. "பொட்டியோட திருப்பி அனுப்பிடு. உனக்கு எதுக்கு அடுத்தவ தொட்ட பொருளு?" என்றாள். அதாவுல்லா வருகிற வாரம் திரும்புகிறார். அவர் கையிலேயே கொடுத்துவிடுவதென்று இன்று ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டதும் பெட்டியை எடுத்து வைத்தேன். ஒயர்களைச் சுற்றினேன். பீடத்தைத் துடைத்தேன். பிறகு, அது யாரென்று ஒரு முறை நன்றாகப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

இதுவரை அந்த வண்டியை முந்திக்கொண்டுதான் போயிருக்கிறேன். ஜெயிப்பதிலேயே இருந்தேன். இன்று முந்தவில்லை. வேகத்தைக் குறைத்து அதன் பின்னாலேயே போனேன். மேட்டில் இடித்தது, நின்றேன். வளைவில் புல்லில் இறங்கி ஏறியது, காத்திருந்தேன். சுரங்கம் வந்தது.

நுழைவதற்கு முன்னால் அந்த வண்டி ஹாரன் அடித்தது. குட்டையாக இரண்டு, நீட்டி ஒன்று.

கைப்பிடியை மடியில் வைத்துவிட்டேன். என் வண்டி சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. நிழல் வண்டி மட்டும் போய்க்கொண்டே இருந்தது, அடுத்த சுரங்கத்திலும் அடித்தது.

இந்த மெஷினில் ஸ்டியரிங் இடது பக்கம். ஹாரனும் இடது பக்கம். ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் வலது பக்கம். அந்த வண்டிக்கு இடது பக்கம் மட்டும்தான் இருக்கிறது. தைக்காத பையும், உங்கள் எழுத்து இல்லாத கடிதமும், கை காலெல்லாம் நல்லா இருக்காரு என்று கேட்காமலே சொன்னவரும், இத்தனையும் கண் முன்னால் இருக்க, ஒரு தையல் விலகியிருந்தால் கண்டுபிடிக்கிறவள் நான், ஒரு பொம்பளையையும் ஒரு குழந்தையையும் தேடிக்கொண்டிருந்தேன்.

உங்கள் வலது கைக்கு என்ன ஆயிற்று?

இந்தக் கடிதத்துக்குப் பதில் உங்கள் எழுத்தில் வர வேண்டும். வேறு எழுத்தில் வந்தால் பிரிக்க மாட்டேன்.

தீபு

•

வியட்நாம்
29 மார்ச் 2026

தீபு,

நானே எழுதுகிறேன். இடது கை. கோணல் மாணல். திட்டாதே.

நவம்பரில் தோல் வெட்டும் பிரஸ்ஸில் கை மாட்டியது. வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டியும் போய்விட்டன. புண் ஆறிவிட்டது. இப்போது ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

போனபடியே வா என்று சொன்னாய். போனபடி வர முடியாது. அதனால் வரவில்லை. வேறு காரணம் கிடையாது.

மெஷின் முன்பே உனக்காக வாங்கியது. கட்டுப் போட்ட கையோடு ரூமில் இருந்தபோது இடது கையால் ஓட்டிப் பார்த்தேன். நீ பார்ப்பாய் என்று நினைக்கவில்லை. வலதைக் கொடுக்க மனசு வரவில்லை. மீதி விரலால் தினமும் பிடித்துப் பார்க்கிறேன். பிடிக்க வருகிறது. பட்டன்தான் எட்டவில்லை.

குர்ஷித் பேரணாம்பட்டு ஆள். என் ரூம்காரர். மார்பு வரை தாடி. நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதினார். 'நீ' என்று எழுதச் சொன்னதற்கு, "இன்னா பார்த்தி, தம்பி சம்சாரத்தைப் போய் நீ வா போன்னா? என் கை வராதுப்பா" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் முன்னால் தீபு என்று சொல்ல எனக்கும் வெட்கம். குர்ஷித் பாய் என்றுதான் நான் சொன்னேன். தன்னையே பாய் என்று எழுதிக்கொள்ளக் கூச்சப்பட்டு விட்டுவிட்டார். காத்திருக்க வேண்டாம் என்ற வரியை எழுத மாட்டேன் என்று சண்டை போட்டார். நான்தான் விடவில்லை. அவர் எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்காதே, உருதுப் பள்ளியில் படித்தவர், எனக்காக இவ்வளவு எழுதினார்.

கை வலிக்கிறது. நல்ல கை.

நீ என்ன சொல்கிறாயோ அது.

பார்த்தி

•

ஆம்பூர்
5 ஏப்ரல் 2026

அன்புள்ள உங்களுக்கு,

'நீ' வந்து சேர்ந்தது. திட்ட நிறைய இருக்கிறது, அதைக் கடிதத்தில் வீணாக்கப் போவதில்லை.

இரண்டு விரல்தானா? வேறு எங்கேயும் அடி இல்லையே? எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே வீடியோவில் வாருங்கள். நெட் இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன். கையைக் காட்டுங்கள், இரண்டு பக்கமும். குர்ஷித் பாயையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், அந்தத் தாடியை நான் பார்க்க வேண்டும். பெயரைச் சொன்னதும் சுகரா, "பேரணாம்பட்டுல எந்தத் தெரு?" என்று கேட்டாள். அவள் விசாரித்துக்கொண்டிருக்கிறாள், ஜாக்கிரதை.

போனபடியே வாருங்கள் என்று சொன்னது, பஸ் கிளம்பும்போது எல்லாரும் சொல்வதை நானும் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் இத்தனை மாதம் அந்நிய ஊரில் உட்கார்ந்திருப்பாரா? இப்போது யோசித்துச் சொல்கிறேன். இருக்கிறபடி வாருங்கள்.

ஒயர்களை மறுபடி பிரித்து மாட்டிவிட்டேன். நிழல் வண்டியை அழிக்கவில்லை. டூப்ளிகேட் வலதைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டேன், அது எதற்கும் லாயக்கில்லை. உங்களிடம் இருக்கிற வலதைச் சட்டைப் பையில் வைத்து நீங்களே கொண்டு வாருங்கள், யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். ஒற்றைதானே, வழியில் யாரும் மாட்டிக்கொண்டு போக மாட்டார்கள்.

ஒன்றை யோசித்து வைத்திருக்கிறேன். இந்த மெஷினில் நல்லது என்று நான் சொல்ல மறந்தது இதுதான், இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கழன்று வரும். தானாக ஓடுகிற முறையை அணைத்துவிட்டேன். வலதைப் பிடித்து ஆக்ஸிலேட்டர், பிரேக் இரண்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன், இடது உங்கள் கையில். வளைவு, புல், சுவர் எல்லாம் உங்கள் பாடு. ஹாரனும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது.

தீபு