பசிக்கிற மண்

நண்பா,

நேற்று மத்தியானம் ஆரல்வாய்மொழியில் மழை பெய்தது. நீ போன பிறகு பெய்த முதல் நல்ல மழை. காற்றடித்துக் காய்ந்து கிடந்த ஊர் முழுக்க மண் மணந்தது. குடையில்லாமல் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினேன். உன் மேட்டில் குனிந்து முகர்ந்தேன். அங்கே மட்டும் மணம் இல்லை. ஒரு புல்கூட விடாமல் செதுக்கி, நெற்களம் மாதிரி வழித்து வைத்திருக்கிறார்கள்.

அந்த மணம் மழையுடையதல்ல, மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வாழும் நுண்ணுயிர்களுடையது என்று எனக்குச் சொன்னவன் நீ. தாவரவியல் பட்டத்தை வைத்துக்கொண்டு நாம் இருவரும் வேலைக்கு அலைந்த காலம் அது. மழை பொய்த்த காலமும் அதுதான்.

கணவாய்ப் பக்கத்துச் சரிவு நினைவிருக்கிறதா? ஆவாரை, விராலி, காரை, சூரை, கிளுவை என்று இடுப்பளவுப் புதர்க்காடு. ஆற்றுப்பாசனத்தில் நெல் போடும் பண்ணையார் ஒருவருக்குச் சொந்தம். வயலில் போட்டு மிதிக்கும் தழைக்காக, நம் ஊர்ப் பேச்சில் குழைக்காக, மட்டுமே அந்த நிலம் அவருக்கு வேண்டும். குழைகளில் நெல்லுக்கு உயர்ந்தது கொழுஞ்சி என்பது நாஞ்சில் நாட்டில் எல்லாருக்கும் தெரியும். எனவே கீழ்ச்சரிவில் மற்ற செடிகளை வேரோடு பிடுங்கிவிட்டுக் கொழுஞ்சியை மட்டும் விதைத்தார். மழை இருந்தவரை கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. வறட்சி வந்ததும் எல்லாம் ஒன்றாகக் கருகியது. உதிர்ந்த இலையையும் ஆடிக்காற்று வாரிக்கொண்டு போய்விட்டது. அதைப் பார்த்த மனிதர் என்ன செய்தார்? குழை போதவில்லை, மேல்சரிவையும் பிடுங்குங்கள் என்றார்.

குழை வெட்டும் பெண்களுக்கு அடுப்பெரிய விறகும் ஆட்டுக்கு மேய்ச்சலும் மேல்சரிவுதான். அந்தப் பஞ்சத்தில் அவர்களுக்கு வேறு எதுவும் மிச்சமில்லை. நான் பண்ணையார் வாசலில் போய்க் கத்தலாம் என்றேன். நீ உன் பழைய வேட்டியைக் கிழித்தாய்.

"கத்துனா உனக்கத் தொண்டைதான்லே போவும்" என்றாய். "மண்ணு பேசட்டும்."

துண்டுகளைக் கீழ்ச்சரிவிலும் மேல்சரிவிலும் புதைத்தோம். ஓணம் கழிந்து தோண்டினோம். மேல்சரிவுத் துணி சல்லடையாக வந்தது, தொட்டால் உதிர்ந்தது. கீழ்ச்சரிவுத் துணியை நீ உதறிப் பார்த்தாய்.

"பாத்தியா மக்கா, இத அலக்கிக் கட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போவலாம்."

"நல்லதுதானலே?"

"மட்டி! துணியத் திங்க ஆளில்லேன்னா இலையத் திங்கவும் ஆளில்ல. அப்ப உரம் எங்கருந்து வரும்? மண்ணுக்குப் பசிக்கணும்லே. பசிக்காத மண்ணு செத்த மண்ணு."

பிறகு அந்தக் காய்ந்த மண்ணில் உட்கார்ந்து எனக்கு விளக்கினாய். ஒவ்வொரு செடியின் வேரும் ஒவ்வொரு தீனி போடுகிறது. ஒரே செடி என்றால் உள்ளே இருக்கும் உயிர்களில் பாதி பட்டினி. பல செடிகள் நின்றால், வறட்சியில் ஒன்று காய்ந்தாலும் இன்னொன்று நிற்கும்; நிழல் போகாது, ஈரம் கொஞ்சம் தங்கும், தீனியும் அடியோடு நிற்காது. இதைச் சொல்வதற்குள் மூன்று முறை இருமினாய். புழுதி என்றாய். நானும் நம்பினேன்.

பண்ணையார் இரண்டு துணியையும் பார்த்துச் சிரித்தார். "வேட்டி கிழிஞ்சதுக்கு எனக்கிட்ட வந்து நிக்கியளே, நாகர்கோவில்ல ஜவுளிக்கடையா இல்ல?" சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நீ அமைதியாகத் துணிகளை மடித்து, குழை வெட்டும் பெண்களிடம் கொண்டுபோனாய். அவர்களில் மூத்தவள் தங்கம்மை சல்லடைத் துணியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"தம்பி, மேல வெட்டிட்டா அதும் கீழ மாதிரி ஆயிருமா?"

"ஆயிரும் அக்கா."

"அப்பொ நாங்க என்னத்தத் திங்க, மண்ணையா?" அரிவாளை இடுப்பில் செருகினாள். "ஏட்டி, வாங்கடி. குழைன்னா வெட்டுவோம், வேரப் புடுங்க வேற ஆளப் பாக்கட்டும்."

பண்ணையார் வேறு ஊரிலிருந்து ஆள் இறக்கினார். பாதிச் சரிவு போனது. அதற்குள் அந்த வெளியூர் ஆட்களிடமும் தங்கம்மை பேசிவிட்டாள்; அவர்களும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். மீதிப் பாதி நின்றது. நான் அதைத் தோல்வி என்றேன். "பாதி நிக்குல்லா, வெதை அங்கருந்து வரும்" என்றாய்.

புழுதி இருமல் சயரோகம் என்று தெரிந்தபோதுகூட நீ சிரித்தாய். அந்த நோய்க்கு வந்திருந்த புது மருந்தும் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிடமிருந்து எடுத்ததாம். "சொந்தக்காரங்க கைவிடமாட்டாங்கலே" என்றாய். மண் கைவிடவில்லை. மருந்து பெரிய வீடுகளின் வாசலோடு நின்றுவிட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

இன்று காலை மேல்சரிவிலிருந்து ஒரு சாக்கு மண்ணும், மடி நிறைய விதையும் கொண்டுவந்து உன் மேட்டில் போட்டேன். தேவாலயத்தையும் கல்லறையையும் பராமரிக்கும் கோயில்பிள்ளை மண்வெட்டியோடு ஓடிவந்தார்.

"என்ன வேல பாக்கீரு? கல்லறையில காடு வளத்தா சபைக்காரங்க என்னைத்தான் ஏசுவாங்க. நான் செதுக்கிருவேன், கேட்டீரா?"

"செதுக்கும். நான் திரும்ப வெதைப்பேன்."

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். நாளை செதுக்குவார் என்றுதான் நினைக்கிறேன். விதை இன்னும் இருக்கிறது.

அந்தச் சல்லடைத் துணி என் பெட்டியில் இருக்கிறது. அதை எடுக்கும்போதெல்லாம் ஒரே நினைப்புதான் வருகிறது. உன்மேல் போர்த்தி அனுப்பிய கோடி வேட்டி, அந்த வழித்த மண்ணுக்குள், மடிப்புக் கலையாமல் அப்படியே கிடக்குமோ?

ஆவாரை முளைக்கட்டும். விராலி முளைக்கட்டும். உன் மண்ணுக்குப் பசிக்கட்டும்.