தார்ப்பாய்க்கு இங்கிட்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

வெயில் மண்டையப் பொளக்குது. துளிக் காத்து இல்லை.

ஷெட்டுல என் பாதியைக் கூட்டிக் கழுவியாச்சு. தரைக்குப் பூசின சிமெண்டும் காஞ்சாச்சு. மறு பாதி ராசுண்ணனோட டிங்கர் கடை. அடிபட்ட வண்டியத் தட்டி நிமித்துறது, பட்டி வச்சுத் தேய்க்கிறது, பெயிண்ட் அடிக்கிறது எல்லாம் அவரு. நடுவுல ஒரு நீலத் தார்ப்பாய். அதுதான் செவுரு.

ஃப்ளெக்ஸ் வந்தது. 'கலா கார் டீடெய்லிங்'னு எழுதிக் குடுத்தேன், வண்டிய உள்ளயும் வெளியயும் இண்டு இடுக்கு விடாம சுத்தம் பண்ணி மெருகேத்துறது. 'கலா கார் டெய்லரிங்'னு அடிச்சு வச்சிருக்கான். கேட்டா, "அக்கா, நீங்கதான் தப்பா எழுதிட்டீங்கன்னு நானே சரி பண்ணிட்டேன்" என்கிறான். மாத்தித் தர ஒரு வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் அதையே கட்டியாச்சு. ஆலங்குடியில எனக்கு இருக்கிற ஒரே பேர் அதுதான் இப்போதைக்கு.

வாங்க: பிரஷ் (சின்னது), ஸ்ப்ரே பாட்டில், வாளி, கொசுவத்தி.

ஆகஸ்ட் 6, புதன்

போர் தண்ணி உப்பு. கழுவிக் காஞ்சதும் வெள்ளை வெள்ளையாப் புள்ளி. கடைசி அலசலுக்குக் கேன் தண்ணிதான் சரி.

மொத ஆள் வந்துட்டாங்க. நடுவயசு அம்மா, கையில ஜாக்கெட் துணி. "டெய்லர் இருக்காங்களா?" ஃப்ளெக்ஸ் கதையச் சொன்னேன். சிரிச்சாங்க. வெயில்ல வந்தவங்களை உக்காரச் சொல்லித் தண்ணி குடுத்தேன். மக பிரசவம், மருமகன் கோபம், எல்லாம் சொன்னாங்க. பஸ் சத்தம் கேட்டதும் எந்திரிச்சு ஓடிட்டாங்க.

அவங்க போனப்பறம் நாற்காலிய உள்ள எடுத்து வைக்க மனசு வரல.

டீக்கடையில காதுல விழுந்தது:
"பொம்பளப்புள்ள கார் கழுவுதாம்."
"ஓனர் யாரு?"
"பின்னால வருவான்."

ஒருத்தனும் வரப் போறதில்ல. நான்தான்.

ஆகஸ்ட் 9, சனி

சாயங்காலம் இடி மட்டும். மழை இல்லை.

வேலை வந்துருச்சு! மளிகைக்கடைக்காரர் மகன், புதுக் கருப்பு வண்டி. கோட்டிங் போடணுமாம். பெயிண்ட் மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. திருச்சியில எத்தனையோ வண்டிக்குப் போட்டிருக்கேன், ஆனா அங்க அடைச்ச ரூம், ஏசி, கூட நாலு பேரு. காயிற வரைக்கும் ஒரு தூசி படக்கூடாது. அதுவும் கருப்பு.

ராசுண்ணன்கிட்ட போய்ச் சொன்னேன்.
"அண்ணே, நாளைக்கு ஒருநாள் மட்டும் பட்டி தேய்க்காம இருக்க முடியுமா?"
"சரிம்மா."
அவ்வளவுதான் பேசுவாரு. தலைய நிமித்தக்கூட இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போச்சு.

பானெட், கூரை, வலது பக்கம் ரெண்டு கதவு முடிச்சுட்டேன். பூச்சு இன்னும் ஈரம். அங்கிட்டு மெஷின் சத்தம். நான் ஓடிப் போறதுக்குள்ள தார்ப்பாய்க்கு மேல புகை மாதிரி வெள்ளைத் தூசி. கருப்பு வண்டி மேல மாவு சலிச்சுக் கொட்டின கணக்கா.

"அண்ணே, நேத்தே சொன்னேன்ல!"
"ஆளு வந்து நின்னு அவசரப்படுத்துறான். மறந்துட்டேன்மா."
"நீங்க மறந்தா என் வேலைதானே போச்சு?"
"ஒரு காரைக் கழுவுறதுக்கு இம்புட்டு அலட்டலா?"
"ஒங்களது மாதிரி அழுக்கு வேலை இல்லண்ணே இது."

வாயிலருந்து வந்துருச்சு. அவரு என்னையப் பாத்தாரு. மெஷின அணைச்சாரு. தார்ப்பாயோட கீழ்மூலை ரெண்டையும் கம்பி போட்டு இறுக்கிக் கட்டிட்டாரு.

பூசினது முழுக்கப் பாலிஷ் மெஷின் போட்டு எடுத்துத் திரும்பவும் மொதல்லருந்து. தோள்பட்டை கழண்டு விழுது. பையன் வந்து பாத்துட்டு, "சூப்பர்க்கா" என்றான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது.

ஆகஸ்ட் 13, புதன்

வண்டி ஏதும் இல்லை.

இன்னைக்கு வாய் திறந்து பேசினது: டீக்கடையில "சக்கரை கம்மி". ரூம்லருந்து வர்ற பஸ்ல "ஒரு ஆலங்குடி". அம்மா போன்ல "சாப்ட்டேன்". அம்மா கீரமங்கலத்துல அண்ணன் வீட்டுல. தெனம் ஒரே கேள்வி, ஒரே பதில். வான்னு சொல்லத் தோணும் அவங்களுக்கு. சொன்னா அண்ணி மூஞ்சி எப்படிப் போகும்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அதனால வெறும் "சாப்ட்டியா".

அங்கிட்டு சுத்தியல் சத்தம். மூணு தட்டு, ஒரு நிறுத்தம், மூணு தட்டு. அது நின்னா ஷெட்டே செத்த மாதிரி இருக்கு. அவரு மதியம் சாப்பிடுற நேரம்தான் எனக்கு ரொம்ப நீளம்.

ஆகஸ்ட் 16, சனி

அடிபட்ட வண்டி ஒண்ணு ராசுண்ணனுக்குக் கட்டி இழுத்து வந்திருக்கு. வெள்ளை. இடது முன்பக்கம் உள்ள போயிருக்கு. வடகாடு தாண்டி வளைவுல, ஆடு குறுக்க வந்து, புளியமரத்துல அடிச்சதாம். ஸ்டேஷன் வாசல்லயே கிடந்து இப்பதான் விட்டிருக்காங்க.

மத்தியானம் தார்ப்பாய்க் கம்பி அவுக்கிற சத்தம். ராசுண்ணன் தலைய மட்டும் நீட்டினாரு.
"உள்ள ரத்தமா இருக்கு. ஒனக்கு ஆவுமா?"
"பாக்குறேண்ணே."
"ஆவலைன்னா வேணாம். கட்டாயமில்ல."

சண்டைக்கப்பறம் இதுதான் மொதப் பேச்சு.

ஓட்டினவர் சாமிநாதன் சார், ஸ்கூல் வாத்தியார், கீரமங்கலம் பக்கம். அவருக்குக் கீறல்தான். பக்கத்துல உக்காந்த அவர் வீட்டுக்காரம்மாவுக்குக் காலும் தலையும். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில இன்னும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சீட்டைக் கழட்டி வெளிய எடுத்தேன். பச்சத்தண்ணிதான், சுடுதண்ணி பட்டா கறை உக்காந்துரும். தேய்ச்சு, ஒத்தி எடுத்து, திரும்பத் தேய்ச்சு. மேல துணி வெளுத்துருச்சு. உள்ள பஞ்சு வெளுக்கல. நாள்பட்ட ரத்தம். பஞ்சு புதுசு போடணும். பெல்ட்டும் புதுசு.

கூரைத் துணியில பொட்டுப் பொட்டா. அண்ணாந்து பாத்துக்கிட்டே காது பஞ்சுக் குச்சியால ஒவ்வொண்ணா. கழுத்து போச்சு. ஒருதடவ வெளிய போய் நின்னுட்டு வந்தேன். வாந்தி இல்லை. அழுகை மாதிரி ஏதோ.

சீட்டுத் தண்டவாளத்துக்குள்ள கிடந்தது: வறுத்த கடலை, கோயில் குங்குமப் பொட்டலம், தோட்டுத் திருகாணி ஒண்ணு. திருகாணியை மட்டும் கழுவிக் காகிதத்துல மடிச்சு வச்சிருக்கேன்.

திரும்பிப் பாத்தா ராசுண்ணன் வேற வண்டிக்குப் பட்டிய ஷெட்டுக்கு வெளிய, வேப்பமரத்தடியில வச்சுத் தேய்ச்சுக்கிட்டிருக்காரு. தண்ணி தொட்டு, கையால. தூசி வராது. நாலு மடங்கு நேரமாகும்.  

ஆகஸ்ட் 20, புதன்

சார் வந்தாரு. பஸ்ல. ஒல்லி, வெள்ளைச் சட்டை, காலர்ல பேனா. வண்டிக்குப் பத்தடி தள்ளியே நின்னாரு.

"சார், வித்துரலாமே இத?" ராசுண்ணன்.
"விக்கலாம். மொதல்ல அவள வீட்டுக்குக் கொண்டாரணும்."
"ஆம்புலன்ஸ்ல?"
"மாட்டேங்கிறா. ஆம்புலன்ஸ் தெருவுல நின்னா எல்லாரும் எழவுன்னு ஓடியாருவாங்க, நான் உசுரோட வாரேன், நம்ம வண்டியிலதான் வருவேங்கிறா."

மகன் சிங்கப்பூர்ல. லீவு கிடைக்கலையாம்.

என்கிட்ட வந்தாரு. "நீங்கதானாம்மா உள்ள செய்றது? ஒரு சொட்டு அவ கண்ணுல படக் கூடாதும்மா."
"படாது சார்."
"எங்கெங்க இருந்துச்சுன்னு எனக்கு மட்டும் தெரியும்ல." இதைச் சொல்லிட்டு ரோட்டப் பாத்துக்கிட்டு நின்னாரு. பஸ் வந்தும் ஏறல. அடுத்த பஸ்லதான் போனாரு.

ஆகஸ்ட் 30, சனி

ராத்திரி மழை. ரோடெல்லாம் சேறு.

ராசுண்ணன் வேலை முடிஞ்சுது. எங்க அடிபட்டதுன்னு கையால தடவிப் பாத்தேன், தெரியல. அத அவர்கிட்ட சொன்னேன். "ம்" என்றாரு. காது சிவந்துச்சு.

புது ஃப்ளெக்ஸ் இப்பத்தான் வந்திருக்கு. இப்ப சரி. கட்டியாச்சு. யாருக்கும் அர்த்தம் புரியல, "வாட்டர் வாஷ் உண்டா?" அதேதான் கேக்குறாங்க.

சார் போன். பக்கத்து வீட்டு வண்டியில ஸ்டீரிங்கப் பிடிச்சுப் பாத்தாராம், கை நடுங்குதாம். டிரைவர் போடலாம்னா அந்தம்மா தெரியாத ஆளு ஓட்டினா ஏற மாட்டேங்கிறாங்களாம். "சீட்டச் சுத்தம் பண்ணுச்சே, அந்தப் புள்ளைக்கு ஓட்டத் தெரியுமான்னு கேளுங்கன்னா."

தெரியும்னு சொன்னேன். திருச்சியில ஷோரூம் வண்டியெல்லாம் எடுத்து நிறுத்துனது நான்தானே. 

செப்டம்பர் 1, திங்கள்

உடம்பெல்லாம் அசதி. ஆனா எழுதிரணும்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வாசல். சக்கர நாற்காலியில சாரோட வீட்டுக்காரம்மா, மல்லிகாக்கா. நான் நெனச்சதவிடக் குண்டு. ஒரு பக்கம் முடி சிரைச்சு, முக்காடு போட்டிருந்தாங்க. காலுல கட்டு. பின் சீட்டுல தலகாணி போட்டு வச்சிருந்தேன். பாத்துட்டு, "முன்னாடியே ஏத்துங்க" என்றாங்க.
சார், "மல்லிகா..."
"அது என் சீட்டு. வேற யாரு உக்காருவா?"

சீட்டப் பின்னால தள்ளிச் சாய்ச்சு ஏத்தினோம். புது பெல்ட்ட விரலால நீவிக்கிட்டே இருந்தாங்க. சீட்டு, கதவு, கூரை, ஒண்ணொண்ணாப் பாத்தாங்க. 
"கடையில எடுத்த புதுசு மாதிரி இருக்கு" என்றாங்க. பின்னால சார் மூக்கச் சிந்துற சத்தம்.

திருகாணியக் குடுத்தேன். "அட! இதத் தேடி நர்ஸோட ஒரே சண்டை நான்."

தஞ்சாவூர் தாண்டினதும் என் தோள்ல கைய வச்சாங்க. எடுக்கவே இல்லை.
"பேசிக்கிட்டே வா தாயி. பேச்சு நின்னா எனக்கு அந்தச் சத்தம் கேக்குது."

எனக்குப் பேச என்ன இருக்கு? உப்புத்தண்ணியச் சொன்னேன். டெய்லரிங் ஃப்ளெக்ஸச் சொன்னேன், சிரிச்சு கால் வலின்னாங்க. ராசுண்ணன் சண்டை. கந்தர்வகோட்டை வந்துருச்சு. அப்பறம் எப்படியோ திருச்சி வீடு. அவரு. ஒரே வீட்டுக்குள்ள புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வருசக்கணக்கா பேசாம இருந்தது. அடி இல்ல, குடி இல்ல, ஒண்ணும் இல்ல, அதனால யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாதது. எப்படி வாய் வந்துச்சுன்னு தெரியல. கண்ணு ரோட்டுல இருந்தா பேசிரலாம் போல.

கறம்பக்குடியில, "அக்கா, வடகாடு போகாம சுத்திப் போயிரலாம்" என்றேன்.
"அங்கிட்டே போ. எங்க ஊருக்கு அதுதானே வழி. எத்தன நாளு சுத்துறது?"

வளைவு. புளியமரத்துல பட்டை உரிஞ்ச எடம் வெள்ளையா. தோள்ல நகம் பதிஞ்சுது. சார் பின்னால கண்ண மூடிக்கிட்டாரு, கண்ணாடியில பாத்தேன். அக்கா மூடல. "நிறுத்தாத, பேசு. பைய எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நின்ன, அப்பறம்?"

அதுக்குள்ள வீடு வந்துருச்சு.

தெருவே கூடிருச்சு. ஆரத்தித் தட்டு, அழுகை, "கண்ணு பட்டுருச்சு ஆத்தா", நாலு பேரு நாற்காலியோட தூக்கிட்டுப் போனாங்க. நான் சாவியக் கையில வச்சுக்கிட்டு வண்டிகிட்டயே நின்னேன். சார் ஓடி வந்தாரு. "சாப்ட்டுப் போங்கம்மா, அவ கேக்குறா." கடையில வேலை கிடக்கு சார்னு சொன்னேன். ஒரு வேலையும் இல்லை.

அங்கிருந்து அண்ணன் வீடு கூப்பிடு தூரம். போகல. பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன். தோள்ல நகக்குறி நாலு. கண்ணாடியில பாத்தேன். தொட்டா வலிக்குது. தொட்டுக்கிட்டே இருக்கேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

"அந்தம்மா வந்து சேந்துச்சா?" ராசுண்ணன்.
"சேந்துட்டாங்கண்ணே."
"எங்கிட்டு உக்காந்துச்சு?"
"அந்த சீட்டுலயேதான்."
தார்ப்பாய்க்கு அங்கிட்டுப் போயிட்டாரு. அப்பறம் சுத்தியல் சத்தம்.

வண்டி இல்லை. வண்டி தொடைக்கிற துணியெல்லாம் துவைச்சுக் காயப்போட்டேன். இருபதும் ஒரே கொடியில. வேற யார் துணியும் இல்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

மேகம் போட்டு நிக்குது, பெய்யல. டாக்டர் வண்டி ஒண்ணு, உள் சுத்தம் மட்டும். பிஸ்கட் தூள், பிஸ்கட் தூள், பிஸ்கட் தூள்.

கையெல்லாம் நுரையா இருக்கறப்ப போன். தெரியாத நம்பர். முழங்கையால அழுத்தினேன்.

"என்ன தாயி, பாதியில விட்டுட்டுப் போயிட்ட?"
மல்லிகாக்கா.
"அக்கா... கால் எப்படி இருக்கு?"
"கால் கிடக்கு. நீ பஸ் ஸ்டாண்டுல பையோட நிக்கிற. அவன் வந்தானா இல்லையா? நாலு நாளாப் படுத்துக்கிட்டு அதத்தான் யோசிக்கிறேன். இவரக் கேக்கச் சொன்னா, அத எப்படிக் கேக்குறதுங்கிறாரு."

வேலையில இருக்கேன், பொழுது சாய கூப்பிடுறேன்னு சொல்லி வச்சுட்டேன்.

பொழுது சாஞ்சாச்சு. ராசுண்ணன் பூட்டிட்டுப் போயாச்சு. ரூமுக்கு வந்து சோறு வச்சு இறக்கியாச்சு. போன எடுக்கிறதும் வைக்கிறதுமா இருக்கேன்.

அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுக்கு அவரு வந்தாரு. அத அம்மாகிட்டக்கூடச் சொன்னதில்ல. பஸ் கிளம்புற நேரம் ஜன்னலுக்குக் கீழ வந்து நின்னாரு. தண்ணி பாட்டில் ஒண்ணு வாங்கி நீட்டினாரு. நான் வாங்கிக்கிட்டேன். இருன்னு ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா எறங்கியிருப்பேன்.

இதச் சொன்னா அக்கா என்ன சொல்லுவாங்கன்னு தெரியல. திட்டுவாங்க. யாரைன்னு தெரியல.

ரிங் போகுது.