அப்பாவின் கப்பலில் பீரங்கி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? தம்பி ஒழுங்காகச் சாப்பிடுகிறானா? நான் விடுதியில் சௌக்கியமாக இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கப்பல் இங்கே துறைமுகத்துக்கு வந்தது. பயப்படாதே, அப்பா நன்றாக இருக்கிறார். போர் நடப்பதால் அந்தச் சரக்குக் கப்பலைக் கடற்படை எடுத்துக்கொண்டுவிட்டதாம். சாம்பல் நிறம் பூசி, முன்பக்கம் பீரங்கி வைத்திருக்கிறார்கள். சமையலறைக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு மூட்டைகள் இருந்த அறையில் இப்போது குண்டுகள். சண்டை வந்தால் அப்பாதான் அவற்றை மேலே தூக்கிக் கொடுக்க வேண்டுமாம்.

"அண்டா தூக்குற கைதானே, இதையும் தூக்கும்னு சொல்லிட்டாங்க" என்று சிரித்தார்.

"அப்ப நீங்க யாருப்பா, சமையல்காரரா, சிப்பாயா?"

"பசிக்கிறப்ப சமையல்காரன். சுடுறப்ப சிப்பாய்."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, அம்மா. பீரங்கியைப் பார்த்தால் எதிரி பயந்து விலகிப்போவானா, இல்லை, அதற்காகவே தேடிவந்து சுடுவானா? நூலகத்தில் இரண்டு புத்தகங்களைப் புரட்டினேன். ஒன்று அப்படிச் சொல்கிறது, மற்றது இப்படிச் சொல்கிறது.

விருப்பமில்லாதவர்கள் மாதக் கடைசிக்குள் இறங்கிவிடலாமாம். "எப்பப் பாரு புத்தகமும் கையுமா இருக்கியே, நீ சொல்லு பாப்பா, இருக்கவா, இறங்கவா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன், ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார். கடைசியில், "சரி விடு, கப்பலுக்குப் பெயின்ட் அடிச்சாங்கன்னு மட்டும் அம்மாவுக்கு எழுது" என்றார்.

என் பழைய தலையணை உறையை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

தபால் பையைக் கட்டுகிறார்கள். இருக்கட்டும் என்றோ இறங்கட்டும் என்றோ ஒரே ஒரு வார்த்தை உடனே எழுது. நானே யோசித்ததாக அப்பாவிடம் சொல்லிக்கொள்கிறேன்.

உன் மகள்