உன் கால் அளவு

கிழக்குத் தாம்பரம்
12.11.1992

அன்பு மகள் சரோஜினிக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சௌக்கியம், போபால் குளிர் உன்னைப் படுத்தக் கூடாதே என்பதுதான் அம்மாவுக்கு எந்நேரமும் பேச்சு. இங்கே மழை விட்டபாடில்லை, ஸ்டேஷன் பக்கமெல்லாம் முழங்கால் தண்ணீர். கடையில் தீபாவளி வியாபாரம் எப்படி என்று கேட்டிருந்தாய், சொல்லவே வெட்கமாக இருக்கிறதம்மா. அறுந்தால்தான் அடுத்த ஜோடி என்றிருந்த ஜனம் இப்போது புடவைக்கு ஒன்று சுடிதாருக்கு ஒன்று என்று கேட்கிறது, வாண்டுகள்கூட டி.வி.யில் பார்த்த ஷூவைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். நான்தான் பழைய நினைப்பில் ரப்பர் செருப்பாக இறக்கி வைத்துவிட்டேன். அதுகூடப் போகட்டும். அம்மாவிடமும் சொல்லாத ஒன்றை உனக்கு எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம், எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிற காந்திமதி என்ற பெண் போனஸ் வாங்கின கையோடு கடைக்கு வந்தாள். காலில் ஊக்குப் போட்ட செருப்பு. அதைப் பார்த்த மாத்திரத்தில், உட்காரக்கூடச் சொல்லாமல், ஒரு ரப்பர் ஜோடியை எடுத்து அவள் முன்னால் தரையில் போட்டேன். அவள் குனிந்தும் பார்க்கவில்லை. இன்னா வோணும்னு நீங்க இன்னும் கேக்கவே இல்லியே சார் என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், என் குணம் உனக்குத் தெரியாதா. நிதானமாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். இப்போது எதிர் ஷோரூமில் வாங்கின ஹீல்ஸ் போட்டுக்கொண்டு தினமும் நம் கடை வழியாகத்தான் வேலைக்குப் போகிறாள். கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்று வாசல் வரை வருவேன், அவள் நெருங்கியதும் பெட்டி அடுக்குவதுபோல் திரும்பிக்கொள்வேன்.

அவள் சொன்னது மூன்று வாரமாக மண்டையைக் குடைகிறது. நீ காலேஜ் போன மூன்று வருடமும், விற்காமல் கிடந்த ஏழாம் நம்பர் கட்ஷூக்களைத்தானே உனக்குக் கொடுத்தேன். நீயும் முனையில் பஞ்சை அடைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் போனாய். உனக்கு எது பிடிக்கும் என்று ஒரு நாளாவது கேட்டேனா? இருபத்தைந்து வருடமாக ஊரார் காலையெல்லாம் அளந்தவனுக்குப் பெற்ற மகளின் கால் அளவு தெரியவில்லை. சீ, நான் என்ன அப்பன்.

இத்துடன் இரண்டு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு காலாக அதன்மேல் நன்றாக ஊன்றி நின்று, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. நிறம், ஹீல்ஸ் எல்லாம் நீயே எழுது, எதிர்க்கடையில் போய் வாங்க வேண்டியிருந்தாலும் வாங்கி அனுப்புவேன். வெறுங்காலோடு குளிர்ந்த தரையில் நடக்காதே. முருகன் உன்னைக் குறையில்லாமல் வைத்திருப்பான். தாளை மட்டும் மறந்துவிடாதே.

உன் அப்பா,
வேதாசலம்