ஏழாவது சுற்றில்

1979 ஜனவரி 11, வியாழன்

கடும் பனி. துவைத்த போர்வை மத்தியானம் வரை காயவில்லை.

கூடத்துக் கடிகாரம் மறுபடியும் நின்றுவிட்டது. கயிற்றில் தொங்கும் குண்டு, பெட்டியின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. கிறிஸ்துமஸிலிருந்து இதே கதை. மாமா ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சாவி கொடுப்பார், அடுத்த ஞாயிறு வரை ஓடும். இப்போது புதன் ராத்திரியைத் தாண்டுவதில்லை.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் மாமா. இன்றும் பிரெஞ்சில்தான் எண்ணுவார். அன், தெ, த்ருவா என்று பதினாலு சுற்று. அடுப்படியில் இருந்தே கேட்கும். கொஞ்ச நாளாக "ஸெத்" வந்ததும் சத்தம் நின்றுவிடுகிறது. ஸெத் என்றால் ஏழு. ஏன் என்று கேட்டதற்கு, "அதுக்கு மேல திரும்ப மாட்டேங்குதும்மா. சாவியும் கனக்குது. டக்கு டக்குன்னு சத்தம் வேற ஜாஸ்தி" என்றார்.

எழுபத்திநாலு வயசு. கை வலுவில்லை, எண்ணிக்கை மறக்கிறது என்று இவரிடம் முதலில் சொன்னவள் நான்தான். இவர் அதற்குக் காலும் கையும் வைத்துவிட்டார். காலையில் மாமா வியாழக்கிழமைச் சீட்டாட்டத்துக்கு டி.ஆர்.பட்டினம் கிளம்பி, செருப்பும் மாட்டிவிட்டார். இவர் வாசலில் மறித்துக்கொண்டார்.

"அப்பா, இனிமே தனியா பஸ்ல போவ வேணாம். எங்கயாவது மறந்து எறங்கிட்டா யாரு தேடுறது? கடியாரச் சாவியையும் ஜெயாகிட்ட குடுத்துடுங்க."

மாமா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

வாங்க: மண்ணெண்ணெய், நீலம், மாமாவுக்குத் தைலம்.

ஜனவரி 14, ஞாயிறு

பொங்கல். பக்கத்து வீட்டிலிருந்து கரும்பும் பொங்கலும் வந்தன. மாமா பொங்கலைத் தொடவில்லை.

பூசை முடிந்து வந்து நானே சாவி கொடுத்தேன். ஏழாவது சுற்றில் குண்டு மேலே போய் முட்டிக்கொண்டது. அதற்கு மேல் அசையவில்லை. சாவியும் கனம்தான், விரல் சிவந்துவிட்டது.

மாமா நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாரோ என்னவோ. எண்ணெய் வற்றியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கோழை.

16, செவ்வாய்

பல்சக்கரங்களுக்கு ஒரு சொட்டு எண்ணெய். பெட்டி சாய்ந்திருக்கிறதா என்று நூல் கட்டிப் பார்த்தேன், நேர்தான். குண்டு நிற்கும் இடத்தில் பென்சிலால் தினம் ஒரு கோடு. இரண்டே நாளில் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. கயிறு அவ்வளவு வேகமாக விடுகிறது. ஏன் என்று தெரியவில்லை.

இரண்டு நாளாகத் தலைவலி.

18, வியாழன்

கடிகாரம் நின்றிருந்தது. எதிர்பார்த்ததுதான்.

பத்து மணிக்குக் கபூர் பாய் வந்தார், மாமாவின் சீட்டாட்டக் கூட்டாளி. பட்டாளத்துக்காரர் என்பதால் மாமாவைப் பிரெஞ்சில் 'சொல்தா' என்றுதான் கூப்பிடுவார். "என்ன சொல்தா, போன வாரம் ஆளக் காணோம். மூணு பேரா உக்காந்து சீட்டைக் கலைச்சிக்கிட்டே இருந்தோம். ஒடம்புக்கு முடியலியா?"

"எனக்கு எண்ணிக்கை தப்புதாம் பாய். என்னைச் சேத்துக்கிட்டா நீங்கதானே தோக்கணும். வேற ஆளப் பாத்துக்கங்க."

காப்பி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே ஓடிவந்துவிட்டேன். கை வேலை இல்லாமல் இருக்க முடியவில்லை. இவர் சட்டைக்குப் பொத்தான் தைக்கலாம் என்று தகரடப்பாவைக் கவிழ்த்தேன். பொத்தான்களோடு ஒரு பித்தளைக் கப்பி உருண்டு விழுந்தது. சின்னது, அடியில் கொக்கி.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வெள்ளையடித்தபோது கடிகாரத்தை இறக்கியது நான். மாமா அன்று டி.ஆர்.பட்டினத்தில். பித்தளைச் சாமான்களோடு புளி போட்டுத் தேய்க்கலாம் என்று கப்பியைக் கழற்றினேன். திரும்ப மாட்டும்போது மறந்தேபோனேன். கயிற்று நுனியைக் குண்டிலேயே மாட்டிவிட்டேன். நுனி மேலே ஆணியில் இருக்க வேண்டும், கயிறு மடிந்து தொங்க வேண்டும், அந்த மடிப்பில் கப்பி, கப்பியில் குண்டு. நேராக மாட்டினால் குண்டு இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கும், பாதிச் சுற்றிலேயே மேலே முட்டும், சாவியும் கனக்கும்.

கனம், சத்தம், ஏழு. அவர் சொன்ன மூன்றும் சரி. மறந்தவள் நான். பட்டம் அவருக்கு.

19, வெள்ளி

கப்பியை மாட்டினேன். பழைய மெல்லிய சத்தம் வந்துவிட்டது.

இவரிடம் சொன்னேன். "சரியாப் போச்சுல்ல, விடு. அப்பாகிட்ட இதப் போயி சொல்லி... மனசு கஷ்டப்படுவாரு." யார் மனசு என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. சாம்பாரில் உப்பு இரண்டு தடவை.

20, சனி

மாமாவிடம் சொல்லிவிட்டேன். கப்பியைக் காட்டி, எல்லாம். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அவர் என் தலையில் கை வைத்தார். "நீ நல்ல பொண்ணும்மா. என்னத் தேத்துறதுக்காவ பழிய நீ ஏத்துக்கற."

"மாதா சத்தியமா நான்தான் மாமா."

"மாதா பேர்ல போயி பொய் சத்தியம் பண்ணலாமா? எனக்கு வயசாயிடுச்சு, ஒத்துக்கறேன். அதனால என்ன."

21, ஞாயிறு

பனி குறைவு. பூசை முடிந்து வந்ததும் சாவியை அவர் கையில் கொடுத்தேன். வேண்டாம் என்றார். நான் விடவில்லை. "வியாழக்கிழமை பாய் வீட்டுக்குப் போறீங்க மாமா, நானே பஸ் ஏத்தி விடறேன்" என்றும் சொன்னேன். அவர் சாவியைத் துளையில் வைத்தார்.

எண்ணினார். அன், தெ, த்ருவா. அடுப்படியில் நிற்காமல் பக்கத்திலேயே நின்றேன். ஸெத் வந்தது. கை நின்றது. குண்டுக்கு மேலே இன்னும் நிறைய இடம் இருந்தது.

"போதுமாம்மா?"

"இன்னும் திரும்பும் மாமா. எண்ணுங்க."

"நீ சொன்னா சரி."

திருப்பினார். எண்ணவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் என் முகத்தைப் பார்த்தார்.