மாடி வீடு காலியாகத்தான் இருந்தது

காலையில் அலமாரியை ஒதுக்கும்போது அந்த இரண்டு நாவல்களும் கையில் வந்தன. துறைமுகத்து மாலுமிகள் மன்றத்தில் எவனோ ஒரு கப்பல்காரன் விட்டுப்போனவை. நீதான் தூக்கிக்கொண்டு வந்தாய். உப்புக் காற்றில் தாள் ஊறிப் போயிருக்கிறது. திறந்தால் உன் பென்சில் கோடுகள். மூன்று பக்கத்துக்கு மேல் புரட்ட முடியவில்லை, மூடிவிட்டேன்.

கப்பல் ஏஜென்சி ஆபீசில் பன்னிரண்டு வருசம் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மேஜை. காகித வேலை ஓய்ந்தால் நாவல் பேச்சுதான். நிறத்தைச் சொல்லி மனுசனை ஒதுக்கிய ஊர்களின் கதை அவை இரண்டும். முதல் நாவலில் மோதல் தெருவில் நடக்கும்: சவுக்கு, கூச்சல், எரிந்த கடை. இரண்டாவதில் யாரும் குரல்கூட உயர்த்துவதில்லை. ஒரு கறுப்பினக் குடும்பம் மழையில் நனைந்து வந்து விடுதியில் அறை கேட்கும். மேனேஜர் சிரித்த முகத்தோடு, எல்லாம் நிரம்பிவிட்டது என்பான். அவன் முதுகுக்குப் பின்னால் பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கும்.

நம் ஞாயிற்றுக்கிழமை வாசகர் கூட்டத்தில் அந்தச் சாவிகளைப் பற்றி அரை மணி நேரம் பொரிந்து தள்ளினேன். குறியீடு என்றால் இதல்லவா என்றேன். முதலில் கை தட்டியது நீதான்.

மறுவாரமே கேட்டாய். "ஏலே, உங்க மாடி காலியாமே? பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பக்கம். நாங்க வந்துருவோமா?"

"அடடா, நேத்துதாம்ல ஒருத்தருக்குச் சொல்லிட்டேன்" என்றேன். நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை. என் வீட்டில் யாரும் உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரையும் நான் கேட்கவே இல்லை. உன் ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், எங்கள் தெரு உன் சாதியைக் கண்டுபிடித்துவிடும். அந்தத் தெருவுக்குப் பயந்தேன். வெட்கங்கெட்ட பயம். 'வீடு வாடகைக்கு' அட்டையைக் கழற்றக்கூட எனக்குப் புத்தி வரவில்லை. இரண்டு மாதம் அது கேட்டில் தொங்கியது. நீ தினமும் அந்த வழியாகத்தான் ஆபீசுக்குப் போவாய்.

அடுத்த கூட்டத்தில் உன் முறை. "மொத நாவல்ல அடிக்கிறவனுக்குத் தான் அடிக்கோம்னு தெரியும். ரெண்டாவதுல அந்த மேனேஜரு தன்ன நல்லவம்னே நெனைக்கான். எனக்கு அவன நெனைச்சாத்தான் பயமா இருக்கு" என்றாய். என் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டம் முடிந்ததும் வழக்கம்போல எனக்கும் சேர்த்து டீ சொன்னாய். ஒரு வார்த்தை நீ கேட்டிருக்கலாம். நீ ஏன் கேட்க வேண்டும், நானல்லவா சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஆறு வருசம் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், சொல்லவில்லை.

போன மாதம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. துட்டி கேட்க உன் வீட்டுக்கு வந்தபோது உன் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ஒரு விசயம் ரொம்ப நாளா மனசுல கிடக்கு. நீங்க வலிய வந்து மாடியக் குடுக்கேன்னு சொன்னியளாம். தண்ணி ஏறாதுன்னு அவுகதான் வேண்டாம்னுட்டாக. அதுக்கு அன்னைக்கு நான் அவுகள ஏசாத ஏச்சு இல்ல. நீங்க ஒண்ணும் தப்பா நெனைச்சிராதிய."

என் பொய்க்கு நீ ஏச்சு வாங்கியிருக்கிறாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

"அதனால என்னம்மா, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் வீட்டில் எனக்கு இன்னும் நல்ல பெயர்தான். அதைக் கெடுத்துக்கொள்ள இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.